க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லையா?

கேள்வி: என் மேனுவல் கியர் காரில் க்ரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) பொத்தானை அழுத்தினால் டேஷ்போர்டில் அதன் விளக்கு எரிகிறது, ஆனால், நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சென்றாலும் வேகம் நிலைநிற்பதில்லை. ஸ்டியரிங் பொத்தான்களை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். விளக்கு எரிவதால், பிரதான பொத்தானின் தகவலேனும் காரின் கணினிக்குச் சென்று சேர்கிறது என்று கொள்ளலாம். என் முதல் சந்தேகம் பிரேக் பெடலின் மேலுள்ள சிறிய சுவிட்சின் மீதுதான். பல கார்களில் அதற்குள் இரண்டு இணைப்புகள் உண்டு: ஒன்று பின்புற பிரேக் விளக்குக்கு, மற்றொன்று கணினிக்கு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணான தகவலைத் தந்தால், பாதுகாப்பு கருதிக் கணினி க்ரூஸ் கன்ட்ரோலை அனுமதிக்காது. ஆகவே, பிரேக் விளக்கு ஒழுங்காக எரிகிறது என்பதற்காக அந்தச் சுவிட்சை நல்லதென்று ஒதுக்கிவிட முடியாது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

காரின் கணினியில் உள்ள தகவல்களைப் படிக்கும் கருவியான ஓபிடி ஸ்கேனரை இணைத்து, நேரடித் தகவல் திரையில் பிரேக், கிளட்ச் பெடல்களை அழுத்தும்போதும் விடும்போதும் நிலை மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேகத்தைப் பதியும் 'செட்' பொத்தானையும் அதே திரையில் சோதித்துவிடலாம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், சக்கர வேக சென்சாரைக் கவனிக்க வேண்டும். ஹாரனும் சேர்ந்து ஒலிக்காவிட்டால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் இணைப்பு நாடாவைச் சந்தேகிக்கலாம். ஏர்பேக் இருக்கும் இடம் என்பதால் அதை வீட்டில் கழற்றிப் பார்க்காதீர்கள்.