கூட்டுக் குஞ்சின் நெருக்கீடு பிறகும் தொடருமா?

கேள்வி: விறாந்தையை ஒட்டிய திராட்சைப் பந்தலில் கொண்டைக்குருவி கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது. பிள்ளைகள் நாளுக்கு நாலைந்து தரம் எட்டிப் பார்க்கிறார்கள். கிட்டப் போனால் தாய் தகப்பன் இரண்டும் கத்துகின்றன. அடுத்த கிழமை பெயின்ற் அடிக்க ஆட்கள் வருகிறார்கள், பந்தலுக்கு மருந்தும் அடிக்க வேண்டும். பயந்து வளர்ந்த குஞ்சு பெரிசானாலும் அப்படியே இருக்குமா? என்ன செய்யலாம்?
(கோண்டாவில் வாசகர்)

பதில்: முதலில் மருந்து அடிப்பதை நிறுத்தி வையுங்கள். எட்டிப் பார்ப்பதைப் பற்றியும் பெயின்ற் வேலையைப் பற்றியும் பிறகு யோசிக்கலாம். கூட்டில் இருக்கும் ஏறக்குறைய இரண்டு கிழமைக்குள் வயிறு எவ்வளவு நிரம்புகிறது என்பதே அந்தக் குஞ்சுகளின் பிற்காலத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பழமும் தேனும் தின்னும் கொண்டைக்குருவியும் பிஞ்சுக் குஞ்சுக்குப் புழு பூச்சியையே கொண்டுவந்து ஊட்டும். பூச்சிநாசினி அடித்த பந்தலில் ஒன்றில் பூச்சி இருக்காது, அல்லது நஞ்சு ஏறிய பூச்சி இருக்கும்.

பறவை வெருண்டதும் மூளையின் பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்டும். அது அதிரீனற் சுரப்பியைத் தூண்டும். கோர்ட்டிகோஸ்டிரோன் என்ற ஓமோன் இரத்தத்தில் ஏறும். இது சில நிமிடங்களில் நடந்துவிடுவதால், ஆய்வாளர்கள் பறவையைப் பிடித்து 3 நிமிடத்துக்குள் முதல் இரத்தத் துளியை எடுத்துவிடுவார்கள். பிறகு துணிப்பையில் 30 நிமிடம் போல வைத்து மறுபடி எடுத்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஓமோன் ஏறுவது கெடுதல் அல்ல. பறவை தப்பிப் பிழைக்க அது வேண்டும். ஆபத்து போனதும் அது இறங்கவும் வேண்டும். பட்டினியிலோ பெற்றோரின் கவனிப்புக் குறைந்தோ வளர்ந்த குஞ்சுகளில் பல, பெரிதானபின் சின்ன வெருட்டலுக்கும் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன, அல்லது அது இறங்க நேரம் எடுக்கிறது. எல்லா இனத்திலும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் ஓமோன் ஏறுவதே மந்தமாகிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு ஆம், தொடரக்கூடும். ஆனால் இடைக்கிடை எட்டிப் பார்த்ததால் அல்ல, நாள்தோறும் நீடிக்கும் குறையால்.

கண் திறக்காத குஞ்சைத் தொட்டாலும் சும்மா கிடக்கும். அது மனிதருக்குப் பழகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அந்த வயதில் இந்தச் சுரப்புத் தொடர் இன்னும் முதிரவில்லை என்பதே காரணம். பறக்கும் நாள் நெருங்க நெருங்கத்தான் அது முழுமையடைகிறது. பழகியது போன்ற தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எக்குவடோரின் குயாபெனோ காப்பகத்தில் ஹோட்சின் பறவைகளில் நடந்த ஆய்வைச் சொல்லலாம் (2004). சுற்றுலாப் பயணிகள் போய்வரும் இடத்துப் பெரிய பறவைகள் ஆட்களுக்குப் பழகியிருந்தன. அதே இடத்து இளங்குஞ்சுகளிலோ ஓமோன் கூடுதலாக ஏறியது, பிழைத்தவையும் குறைவு.

அடுத்தது பெற்றோரின் பயம். கனடாவில் ஒரு சிட்டுக்குருவி இனத்தின் கூடுகளைப் பிராணிகள் நெருங்க முடியாதபடி வேலியும் வலையும் போட்டுக் காத்துவிட்டு, கொன்றுண்ணிகளின் சத்தத்தை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். அந்தப் பருவத்தில் வளர்ந்து வெளியேறிய குஞ்சுகள் 40 வீதம் குறைந்தன (2011). ஒரு குஞ்சையும் எதுவும் பிடிக்கவில்லை. பயத்தில் தாய் முட்டையும் குறைவாக இட்டது, தாய் தகப்பன் இரண்டும் இரை கொண்டுவருவதையும் குறைத்தன. உங்கள் கொண்டைக்குருவி கத்திக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இரை தேடாத நிமிடம்.

அதனால் தூரத்தை அளந்து கொள்ளுங்கள். கூட்டிலிருந்து மெல்லப் பின்னால் நடந்து, கத்துவது நிற்கும் இடத்தில் ஒரு கல் வையுங்கள். அங்கே அரை மணி நேரம் இருந்து எத்தனை தரம் இரையோடு வருகின்றன என்று எண்ணுங்கள். வேலை நடக்கும்போது அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் ஆட்கள் மிகக் கிட்ட நிற்கிறார்கள். பெயின்ற் வேலையை வீட்டின் மறுபக்கத்தில் தொடங்கி, விறாந்தைப் பக்கத்தைக் கடைசிக்கு விடுவதே நல்லது. முடியாவிட்டால் 20 நிமிடம் வேலை, 40 நிமிடம் விலகல். விடிந்து இரண்டு மணி நேரமும் பொழுதுபடுமுன் இரண்டு மணி நேரமும் அந்தப் பக்கம் யாரும் வேண்டாம். அதிகம் ஊட்டுவது அப்போதுதான்.

பிள்ளைகள் இரண்டு நாளுக்கு ஒரு தரம், தடியில் கட்டிய கண்ணாடியால் 20 விநாடி பார்க்கலாம். காகம் அருகில் இருந்தால் கிட்டப் போகவே கூடாது, அது உங்களைப் பார்த்தே கூட்டைக் கண்டுபிடிக்கும். படம் எடுக்க இலையை விலக்குவதும் வெட்டுவதும் பெரிய கெடுதல்: பங்குனி, சித்திரை வெயில் நேரே விழுந்தால் உரோமமில்லாத குஞ்சு கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். குழாய் போன்ற முளையிறகு விரிந்து இறகாகிவிட்டால் பார்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். அந்தக் கட்டத்தில் கையை நீட்டினால் பறக்கத் தெரியாமலே வெளியே பாய்ந்துவிடும்.

இறகு முளைக்காத குஞ்சு விழுந்தால் எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனித வாடைக்காகத் தாய் ஒதுக்காது. கூடே பிய்ந்திருந்தால் சிரட்டையின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, காய்ந்த புல் பரப்பி, பழைய இடத்திலேயே கட்டுங்கள். இறகு வளர்ந்து, வால் கட்டையாக, தத்திக்கொண்டு திரிவதைப் பிடித்து வளர்க்க வேண்டாம். பூனைக்கு எட்டாத கொப்பில் விட்டால் போதும், பெற்றோர் தேடிவந்து ஊட்டும். பால், பாண், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். வாயில் தண்ணீர் சொட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பூனையின் பல் பட்ட குஞ்சு, காயம் தெரியாவிட்டாலும், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.