மேய்ச்சல் நிலத்தில் ஒரு முழம் தோண்டினால் வெள்ளைச் சுண்ணாம்பு மண் வருகிறது. அது எப்படி உண்டாகிறது? நிலத்தைத் திருத்த முடியுமா?

வேலிக்கால் ஊன்றக் குழி எடுத்திருப்பீர்கள். மேல்மண் பொலபொலவென்று வந்திருக்கும், அப்புறம் கடப்பாரை 'ணங்'கென்று நின்றிருக்கும். வெள்ளையைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற யாராவது ஒருவர் "இது களர் நிலம், ஜிப்சம் போட்டு ஆழ உழுதுவிடு" என்று சொல்லியிருப்பார். இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. அதனால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: பதிலை முழுக்கப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, நிலத்தில் டிராக்டரை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

நான் மண்ணியல் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆடுமாடு வைத்திருப்பவன். தப்பு செய்த பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளை கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. நம் ஆட்கள் சுக்கான் என்பார்கள். உலக மண் வகைப்பாட்டில் இப்படிப்பட்ட மண்ணுக்குக் கால்சிசால் என்று பெயர். சுண்ணாம்பு 15 சதவீதத்துக்குக் குறையாமல், 15 சென்டிமீட்டர் கனத்துக்காவது ஓர் அடுக்காகச் சேர்ந்திருப்பது அதன் முக்கிய அடையாளம்.

அது கீழிருந்து ஏறி வந்தது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. நிலத்தடி நீர் மேலே இருக்கும் பள்ளங்களில் கீழிருந்து ஏறுவதும் உண்டு. ஆனால் வறண்ட மேட்டு நிலங்களில் பெரும்பாலும் அது மேலிருந்து இறங்கியது. காற்றில் வரும் தூசியில் சுண்ணாம்பு இருக்கிறது, மழைநீரிலும் கொஞ்சம் கால்சியம் கரைந்து வருகிறது. புல்லின் வேர் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது தண்ணீரில் கலந்தால் லேசான அமிலமாகும். அந்த நீர் மேல்மண்ணில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து, நீரில் கரையும் பைகார்பனேட்டாகக் கீழே எடுத்துப் போகிறது. நல்ல மழை பெய்யும் பகுதியாக இருந்தால் அப்படியே நிலத்தடி நீரோடு போய்ச் சேர்ந்துவிடும். குறைமழைப் பகுதியில் தண்ணீருக்கு அவ்வளவு தூரம் போகத் தெம்பு இல்லை. பாதி வழியில் வேர் நீரை உறிஞ்சிவிடுகிறது, கார்பன் டை ஆக்சைடும் பிரிந்துவிடுகிறது, சுண்ணாம்பு மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

அதனால் உங்கள் வெள்ளை அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அந்த ஆழம் வரைக்கும்தான் உங்கள் மழை வழக்கமாக நனைத்திருக்கிறது. மழை கூடக் கூட அடுக்கு ஆழத்துக்குப் போகும் என்பதை மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1930-களிலேயே அமெரிக்கச் சமவெளிகளில் காட்டிவிட்டார். எனக்கு இதைப் படித்ததும் மனசு அடித்துக்கொண்டது. எங்கள் நிலத்தில் அது ஏறத்தாழ ஒரு முழ ஆழத்தில். அதற்குக் கீழே போகாத தண்ணீரை நம்பித்தான் நாங்கள் பெரிய பெரிய திட்டம் எல்லாம் போட்டிருந்தோம்.

அடுக்கின் வயதையும் ஓரளவு கண்ணால் படிக்கலாம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் குரூசஸ் பக்கம் மண் ஆய்வாளர் லேலண்ட் கைலும் அவருடைய தோழர்களும் வேலை செய்து, 1966-இல் நான்கு படிகளாகப் பிரித்தார்கள். சரளை மண்ணில் முதல் படி, கூழாங்கல்லின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளை பூசினதுபோல் இருப்பது. கல்லின் அடியில் தொங்கி நிற்கும் நீர் அங்கேயே காய்வதால் அப்படி. இரண்டாவதில் பூச்சு கல்லைச் சுற்றிலும் வந்துவிடும், நயமான மண்ணாக இருந்தால் உருண்டை உருண்டையாகச் சுக்கான் தட்டுப்படும். மூன்றாவதில் இடுக்கெல்லாம் அடைத்து முழு அடுக்கும் வெளுத்துவிடும். நான்காவதில் அடைத்த அடுக்கின் தலையில், ஏடு ஏடாகத் தட்டுப் படிந்து பாறையாகிவிடும். முதல் படிக்கே சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன, நான்காவதுக்கு லட்சக்கணக்கில். அந்தப் பகுதியில் சுண்ணாம்புக்கல்லே இல்லாத எரிமலைப் பாறைச் சரளையிலும் இந்த அடுக்குகள் இருக்கின்றன. தூசிதான் கொண்டுவந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் மண்ணைக் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் இருந்தவர் பிஎச், அதாவது மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 8.3 என்று பார்த்தார். பார்த்த கையோடு "களர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சுண்ணாம்பு மண்ணின் இயல்பான பிஎச்சே 8.2, 8.3 பக்கம்தான். சோடியம் மிகுந்த களர் என்றால் பொதுவாக 8.5-க்கு மேலே போகும். அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னபடி ஜிப்சம் வாங்கிப் போட்டோம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் கால்சியத்தை உட்கார வைப்பதுதான் அதன் வேலை. எங்கள் மண்ணில் வெளியேற்றச் சோடியமே இல்லை, கால்சியம் ஏற்கெனவே மலைபோல் கிடக்கிறது. பட்டினி கிடப்பவனுக்குக் கொடுக்க வேண்டியதை விருந்து சாப்பிட்டவன் வாயில் திணித்த கதை.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. சரிவுப் பக்கத்தை ஆழ உழுது புரட்டினோம். என் அப்பா வேண்டாம் என்றார். "புல்லு நிக்கிற நெலத்த எதுக்குடா கீறுற" என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. கீழே இருந்த வெள்ளை மேலே வந்து மேல்மண்ணோடு கலந்தது. முதல் மழைக்கே மேலே ஓடு கட்டியது, கையால் பெயர்த்தால் அப்பளம்போல் உடைந்தது. விதை விழுந்தாலும் முளை வெளியே வரவில்லை. பல ஆண்டு வாழும் நல்ல புல் எல்லாம் போய், ஆடு வாய் வைக்காத செடிதான் வந்தது. உழாத பக்கத்தில் புல் இன்றைக்கும் இருக்கிறது. நடுவில் நின்று பார்த்தால் கோடு போட்டதுபோல் தெரியும்.

"கந்தகம் போட்டால் சுண்ணாம்பு கரையுமே" என்று யாராவது எழுதுவார்கள், அதனால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண் ஏறத்தாழ 2,000 டன். அதில் 15 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 300 டன். 100 டன் சுண்ணாம்பைக் கரைக்க 32 டன் கந்தகம் வேண்டும். அப்படியென்றால் ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட 96 டன். தோட்டத்தில் ஒரு மரத்தின் தூரில் போடுவது வேறு, மேய்ச்சல் நிலத்தைத் திருத்துவது வேறு.

களரா சுண்ணாம்பா என்று நீங்களே பார்க்கலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீர் விட்டு மெதுவாக இறக்குங்கள். ஆட்டக் கூடாது. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கலாகப் படர்ந்தால் சோடியம் இருக்கிறது. கட்டி உடைந்து உட்கார்ந்தும் தண்ணீர் தெளிவாகவே நின்றால் கால்சியம் களிமண்ணைக் கட்டிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு கட்டியில் வினிகர் ஊற்றிக் காதருகே வையுங்கள், 'உஸ்'ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு. சில நிலங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், அங்கே ஜிப்சம் சரிதான். நான் எல்லா இடத்திலும் ஜிப்சம் கூடாது என்று சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுண்ணாம்பால் நல்லதும் உண்டு. கால்சியம் மண்ணைக் கட்டிப் பிடிப்பதால் பொறுக்குப் பொறுக்காக நல்ல கட்டமைப்பு வருகிறது, நீர் உள்ளே இறங்குகிறது. அந்தக் கெட்டி அடுக்கும் நாம் நினைப்பதுபோல் வெறும் பாறை இல்லை. நியூ மெக்சிகோவின் ஹோர்னாடா மேய்ச்சல் ஆய்வு நிலத்தில், இறுகிய சுண்ணாம்பு அடுக்கு வேர் எடுக்கக்கூடிய நீரை நன்றாகப் பிடித்து வைக்கிறது என்று 2007-இல் வெளியிட்டார்கள். வறட்சியில் சில புற்கள் தாக்குப்பிடிக்க இதுவும் ஒரு காரணம். அதைத்தான் நாங்கள் உடைத்துப் போட்டோம்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புல் நிற்கும் நிலத்தைப் பார்த்துத் "தரிசு" என்று எழுதுகிற பழக்கம் எப்போதுதான் போகுமோ. பட்டியலில் தரிசு என்று ஏறிவிட்டால் போதும், ஆட்கள் வந்து குழி வெட்டி மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுண்ணாம்பு மண்ணில் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காது. பழக்கமில்லாத கன்று நட்டால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளந்தளிர் முழுக்க மஞ்சளாகிவிடும். கன்று செத்தால் மேய்ப்பவன் ஆடு தின்றுவிட்டது என்று பழி. எத்தனை முறை இதைக் கேட்டிருக்கிறேன்.

இந்த மண்ணில் உண்மையான குறை பாஸ்பரஸ். கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புல்லுக்கு வராது, புல்லைத் தின்னும் மாட்டுக்கும் வராது. எங்கள் கறவை ஒன்று மேய்ச்சலில் கிடந்த பழைய எலும்பை வாயில் வைத்துக் கடகடவென்று மென்றுகொண்டிருந்ததை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்பா பார்த்துவிட்டு, "அதுக்கு ஏதோ சத்து கேக்குது" என்றார். மாட்டு டாக்டர் வந்து பாஸ்பரஸ் பற்றாக்குறை என்றார். தாது உப்போடு டைகால்சியம் பாஸ்பேட் சேர்த்து நக்கக் கொடுக்கச் சொன்னார். சில வாரத்தில் எலும்பு மெல்லுவது நின்றது. நிலத்தில் கொட்டின பணத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை.

எலும்பு மெல்வதைச் சாதாரணமாக விடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் வ்ரைபர்க் பக்கம் பாஸ்பரஸ் குறைந்த மேய்ச்சலில் மாடுகள் கால் விழுந்து செத்துக்கொண்டிருந்தன. செத்த விலங்கின் எலும்பை மெல்லும்போது அதிலிருக்கும் பாட்டுலிச நஞ்சு, அதாவது பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, ஏறுகிறது என்று 1920-ஐ ஒட்டிக் கால்நடை மருத்துவர் ஆர்னால்ட் தெய்லர் கண்டுபிடித்தார். எந்த அளவு கொடுப்பது என்பதை உங்கள் மாட்டு டாக்டரிடம் கேளுங்கள், என் அளவைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். அதற்கு முன்னால் நாளைக்கே நிலத்தை ஒரு சுற்று சுற்றி, கிடக்கிற எலும்பை எல்லாம் கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். புதைக்கக் குழி வெட்டினால் கடப்பாரை நிற்கிற இடத்தில் ஒரு கோல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.