பழைய வீட்டில் தங்கப் போகிறீர்களா? அறையைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். மே மாதம் எங்கள் பத்தாவது திருமண நாள். பழங்காலக் கட்டடத்தில் நடக்கும் ஓட்டல் ஒன்றில் இரண்டு இரவு தங்க ஆசை. ரைன் நதிக்கரைக் கோட்டையா, கோட்டைச் சுவர் சூழ்ந்த பழைய ஊரான ரோத்தென்பர்க்கா என்று குழப்பம். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம், முட்டை சாப்பிடுவோம். கார் கிடையாது.

பதில்: முழங்கால் வலி, கார் இல்லை என்று நீங்கள் எழுதிய பிறகு எனக்குத் தயக்கமே இல்லை. ரோத்தென்பர்க் போங்கள். ரைன் கரைக் கோட்டைகள் அழகுதான். ஓபர்வேசல் ஊருக்கு மேலே இருக்கும் ஷோன்பர்க் கோட்டை ஓட்டல் கண்ணைப் பறிக்கும். ஆனால் கோட்டை என்றால் மேட்டில் ஏற வேண்டும், உள்ளேயும் படிகள்தான். அதோடு அந்தப் பள்ளத்தாக்கில் நதியின் இரண்டு கரையிலும் ரயில் பாதை. சரக்கு ரயில்கள் ராத்திரியெல்லாம் ஓடும்.

ரோத்தென்பர்க்குக்கு வூர்ட்ஸ்பர்க்கிலும் ஷ்டைனாக்கிலும் வண்டி மாற வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவில் உள்ள சதுக்கம் கால் மணி நேர நடைதான், ஆனால் கோட்டைச் சுவருக்குள் தரை முழுக்கக் கல் பாவியது. பெட்டியை இழுத்துக்கொண்டு அதில் நடக்க வேண்டாம், டாக்சி எடுங்கள்.

எந்தத் தெரு என்பதையும் பாருங்கள். 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் பழைய ஊரின் கிழக்குப் பகுதி பெருமளவு அழிந்தது. இன்று அங்கே நிற்கும் வீடுகளில் பல, போருக்குப் பின் பழைய பாணியில் திருப்பிக் கட்டியவை. நிஜமாகவே பழைய சுவருக்குள் தூங்க வேண்டுமென்றால் சதுக்கத்துக்கு மேற்கே, ஹெர்ன்காஸ்ஸே பக்கம் தேடுங்கள். அந்தக் காலத்துச் செல்வந்தர்களின் வீடுகள் அந்தத் தெருவில்தான்.

ஓட்டலின் பெயரைவிட அறைதான் முக்கியம். இந்த வீடுகளில் ஓர் அறை போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் ஓக் மர உத்தரம் தலைக்கு மேல் ஓடும், அடுத்ததில் கூரை சரிந்து வந்து கட்டிலைத் தொடும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் பல இடங்களில் லிஃப்ட் வைக்க முடியவில்லை, ஏசியும் இருக்காது. மே மாதத்துக்கு ஏசி தேவைப்படாது. ஜூலையில் பரண் அறை கொதிக்கும். ஆகவே இணையத்தில் பணம் கட்டும் முன் ஓட்டலுக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அறை பழைய கட்டடத்தில்தானா, இல்லை எதிரே உள்ள துணைக் கட்டடத்திலா? வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி? மணிக்கூண்டுப் பக்கமா, முற்றத்துப் பக்கமா? தேவாலய மணி விடியற்காலையிலேயே எழுப்பிவிடும், தூக்கம் லேசானவர்களுக்கு முற்றம்தான் சரி.

கட்டிலைப் பற்றியும் கேளுங்கள், திருமண நாளாயிற்றே. ஜெர்மனியில் இரட்டைக் கட்டில் என்றால் பெரும்பாலும் ஒரே சட்டத்துக்குள் இரண்டு தனி மெத்தை, நடுவில் ஓர் இடைவெளி, ஆளுக்கொரு போர்வை. ஒரே மெத்தைதான் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

தேதியில் கவனம். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே பண்டிகையின் வார இறுதி மே மாதத்தில் வந்தால் அந்த நாட்களைத் தவிருங்கள். 1881-லிருந்து நடக்கும், ஊரின் பழங்கதையைச் சொல்லும் மைஸ்டர்ட்ரங்க் நாடகமும் விழாவும் அப்போதுதான். அறை கிடைப்பது கஷ்டம். முடிந்தால் வார நாளில் போங்கள்.

அங்கே தங்குவதன் பலன் மாலையில்தான் தெரியும். பகலில் பஸ் பஸ்ஸாக வந்த கூட்டம் சாயங்காலம் திரும்பிவிடும், அப்புறம் ஊர் உங்களுக்குத்தான். இரவு 8 மணிக்குச் சதுக்கத்தில் ஈட்டியும் விளக்குமாக வரும், இரவுக்காவலர் வேடமிட்ட வழிகாட்டி ஆங்கிலத்தில் கதை சொல்லியபடி ஊரைச் சுற்றிக் காட்டுவார். கோட்டைச் சுவர் மேல் கூரை போட்ட நடைபாதை உண்டு, கட்டணம் இல்லை. ஆனால் ஏறும் படிகள் செங்குத்தானவை. உங்கள் மனைவிக்கு அதைவிடப் பர்க்கார்டன் தோட்டம் நல்லது, டௌபர் நதியின் பள்ளத்தாக்கு முழுதும் அங்கிருந்தே தெரியும்.

சாப்பாட்டுக்கு மே நல்ல மாதம். வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காயின் பருவம் ஜூன் 24 வரை. வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்த ஹாலண்டேஸ் சாஸோடு தருவார்கள். கூடவே வைக்கும் பன்றி இறைச்சித் துண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டி நூடுல்ஸும் உங்களுக்கு ஒத்துவரும். சூப்பில் மட்டும் இறைச்சிச் சாறு கலந்திருக்குமா என்று விசாரியுங்கள். பல உணவகங்களில் இரவு ஒன்பதுக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அதனால் காவலரோடு கிளம்பும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். சிறு ஓட்டல்களில் வரவேற்பு மேஜையும் மாலையோடு மூடிவிடும். ரயில் தாமதமானால் சாவியை எங்கே வைப்பார்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.