புது கம்பெனி, பழைய மேனேஜர், வெள்ளிக்கிழமை கெடு

கேள்வி: ஐயா, சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி தன்னோடு இணைத்துக்கொண்டது. 14 பேர் இருந்த டீமில் இப்போது 9 பேர்தான். போன 5 பேரின் வேலையும் எங்கள் தலையில். மேனேஜரிடம் எதைக் கேட்டாலும் "எனக்கே தெரியாதும்மா" என்கிறார். போன வாரம் புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை நீட்டி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும், பிடிக்காவிட்டால் ராஜினாமா பேப்பர் போடலாம் என்று சொல்லிவிட்டார். வேலை போன பக்கத்து சீட் தோழிக்கு போன் செய்யக்கூட எனக்கு மனசு வரவில்லை. பேப்பர் போட்டுவிடவா?

பதில்: போடாதீர்கள். கோபத்தில் இருக்கும் இந்த வாரத்தில் நிச்சயம் போடாதீர்கள். அந்த ஆர்டரிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் உங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஹெச்ஆரில் இருந்தபோது இப்படி ஓர் இணைப்பில் ஆட்குறைப்பு நடந்தது. ஆட்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய மேனேஜருக்குப் பெயர்ப் பட்டியல் கிடைத்ததே முந்தின நாள் இரவு 8 மணிக்குத்தான். என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தோம். அதை நாலாக மடித்து உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். மதியத்துக்குள் அது வியர்வையில் நனைந்து, மடிப்பில் கிழிந்துவிட்டது. அந்தத் தாளைக் கொடுத்தவன் நான். இணைந்த மற்ற கம்பெனியிலும் அவருடைய அதே பதவியில் ஒருவர் இருந்தார்; மூன்று மாதத்தில் இந்த மேனேஜரையும் அனுப்பிவிட்டார்கள்.

அதனால் "எனக்கே தெரியாது" என்று உங்கள் மேனேஜர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருக்கும் விஷயங்களும் உண்டு. யாருக்கு எந்த வேலை, எந்த ரிப்போர்ட் எப்போது வேண்டும், யாருக்கு லீவு என்பதெல்லாம் அவர் முடிவு செய்பவைதான். அங்கே தெரியாது என்று அவர் கையை விரிக்க முடியாது.

"என் வேலை நிலைக்குமா?" என்று அவரிடம் கேட்காதீர்கள். அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது; சொன்னாலும் நம்ப முடியாது. அதற்குப் பதிலாக, போன 5 பேர் செய்துவந்த வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்காருங்கள். "சார், இதுல எதை நிறுத்தலாம், எதைத் தள்ளிப் போடலாம்னு நீங்க சொல்லுங்க. எல்லாத்தையும் செஞ்சா மாசக் கடைசி குளோசிங்ல தப்பு வரும்" என்று சொல்லுங்கள். அக்கவுன்ட்ஸில் தப்பு என்றால் அவருக்கும் பயம் இருக்கும். என்ன முடிவானதோ அதை அன்றைக்கே நாலு வரி மெயிலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். நாளைக்கு அப்ரைசலில் "வேலை முடியவில்லை" என்று எழுதினால் உங்களுக்குத் துணை நிற்கப்போவது அந்த மெயில்தான்.

அப்புறம் அந்த ஆர்டர். அதில் நீங்கள் முதலில் தேட வேண்டியது சம்பளத்தை அல்ல, பணியில் சேர்ந்த தேதியை. 9 வருடத்துக்கு முந்தைய தேதியே இருக்கிறதா, அல்லது இணைப்பு நடந்த தேதியைப் போட்டிருக்கிறார்களா? கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை, அதன் கணக்குக்கான மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 9 வருடத்தால் பெருக்கினால் சுமார் 2,07,690 ரூபாய் வரும். சேர்ந்த தேதி புதிதாகிவிட்டால் இந்த 9 வருடத்துக்காக நீங்கள் போராட வேண்டியிருக்கும். "முந்தைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கில் கொள்ளப்படும்" என்ற வரி ஆர்டரில் இல்லையென்றால், அதைச் சேர்த்துத் தரும்படி ஹெச்ஆருக்கு மெயில் எழுதுங்கள். வாய் வார்த்தையாக "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். இணைப்பு என்சிஎல்டி எனும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் வழியாக நடந்திருந்தால், அதன் திட்ட ஆவணத்தில் ஊழியர்கள் பற்றி வழக்கமாக ஒரு பகுதி இருக்கும். பணி முறியாமல், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் தொடரும் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து மெயிலோடு இணையுங்கள். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைந்தபோது, அரசு வெளியிட்ட திட்டத்திலேயே ஊழியர்கள் அதே சம்பளத்தில், அதே நிபந்தனைகளில் தொடர்வார்கள் என்று இருந்தது.

சரி, பேப்பர் போட்டால் என்ன ஆகும்? 5 வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி போகாது. போவது ஆட்குறைப்பு இழப்பீடு. கம்பெனியாக உங்களை நீக்கினால், சட்டப்படி நீங்கள் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரும்போது, ஒரு மாத நோட்டீஸும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் தர வேண்டும். 9 வருடத்துக்கு அது நாலரை மாதச் சம்பளம். நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இதைக் கேட்க வழியில்லாமல் போய்விடும். "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, ரெக்கார்டு நல்லா இருக்கும்" என்று பலரிடம் இதமாகச் சொல்வதற்குக் காரணமே இதுதான். இதைப் பார்த்துப் பார்த்து மனசு வெந்திருக்கிறேன். தொழிலாளியா இல்லையா என்பது பதவியின் பெயரை வைத்து முடிவாவதில்லை, செய்யும் வேலையை வைத்துத்தான். கார்டில் எக்ஸிகியூட்டிவ் என்று இருப்பதாலேயே "உங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது" என்று சொன்னால் நம்பாமல், ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஆர்டரைக் காட்டிக் கேளுங்கள். வற்புறுத்தல் தொடர்ந்தால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. வேறு வேலை தேடுவது தனி விஷயம். தேடுங்கள், தப்பே இல்லை. கையில் அடுத்த ஆர்டர் வந்த பிறகு எழுதுகிற ராஜினாமா வேறு.

கடைசியாக, உங்கள் தோழி. என்ன பேசுவது என்றுதானே தயங்குகிறீர்கள்? செட்டில்மென்ட் வந்ததா என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கிராஜுவிட்டி 30 நாட்களுக்குள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் ராஜினாமா என்று இருந்ததா, நீக்கம் என்று இருந்ததா என்பதையும் கேளுங்கள். இன்றைக்கே போன் செய்யுங்கள்.