எழுந்து நின்றதும் கண் இருட்டுவது பற்றி

காலையில் எழுந்தால் கண் இருட்டுகிறது, ஆனால் பிரஷர் சரியாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எழுந்து நிற்கும்போது மட்டும் பிரஷர் இறங்கினால், உட்கார்ந்து அளக்கும்போது அது பிடிபடாது. 5 நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி அளந்து பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழும்போது பிரஷர் இறங்குகிறது என்று அர்த்தம்.

புராஸ்டேட்டுக்குப் புது மாத்திரை தொடங்கியதாகச் சொன்னீர்களே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். அந்த வகை மாத்திரைகள் சில ரத்தக்குழாயையும் தளர்த்திவிடும். எழும்போது ரத்தம் காலிலேயே தங்கிவிடும். அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், அளந்த எண்களை டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டிவிட்டு எழுங்கள். இரவில் பாத்ரூம் போகும்போதுதான் ரொம்பக் கவனம். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.