செகண்ட் ஹேண்ட் கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விளம்பரத்தில் ‘2019 மாடல்’ என்று போட்டிருந்தார்கள். நேரில் கேட்டால் 2018 நவம்பரில் தயாரான கார் என்கிறார்கள். எதைக் கணக்கில் எடுப்பது?

பதில்: தயாரித்த மாதத்தை. விற்பவர்கள் பதிவான ஆண்டைச் சொல்வது வழக்கம்தான். ஆனால் விலை பேசும்போது அதை 2018 காராகவே வைத்துப் பேசுங்கள். கூடவே பாடியில் பொறித்திருக்கும் 17 இலக்க சேஸிஸ் எண்ணையும் (காரின் அடையாள எண்) ஆவணத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வராது. பொறித்த இடத்தைச் சுற்றி உரசலோ வெல்டிங் தடமோ தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: ‘நான்-ஆக்சிடென்ட் வண்டி’ என்று அடித்துச் சொல்கிறார்கள். பார்க்கவும் பளபளவென்று இருக்கிறது. எப்படி உறுதிப்படுத்துவது?

பதில்: பானட்டைத் திறந்து, முன் ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் பாடியோடு சேர்ந்தே இவற்றுக்கும் பெயின்ட் ஏறியிருக்கும். போல்ட் தலையின் முனைகளில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு தெரிந்தால், அங்கே ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். கதவு கீல்களின் போல்ட்டுகளையும் இப்படியே பாருங்கள்.

அடுத்து பெயின்ட் தடிமன் மீட்டர். கம்பெனி பெயின்ட் சாதாரணமாக 80 முதல் 160 மைக்ரான் வரை இருக்கும். ஒரு பேனலில் மட்டும் 250, 300 காட்டினால் மறு பெயின்ட். 1,000 மைக்ரானைத் தாண்டினால் அடியில் பட்டி (பள்ளத்தை அடைக்கும் பூச்சு) நிரப்பி இழைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலை செய்யாது.

பம்பர் உரசலுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்ததை விபத்து என்று எண்ணி நல்ல காரைக் கைவிட வேண்டாம். ஃபெண்டர் மாற்றிய காரைக்கூட விலை குறைத்து வாங்கலாம். இன்ஜின் அறையின் இரு பக்கச் சுவர்களான ஏப்ரன், கதவுத் தூண்கள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள தளம் ஆகிய இடங்களில்தான் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சிறு வட்டக் குழிகளாக, ஒரே சீரான இடைவெளியில் இருக்கும். அங்கே தாறுமாறான வெல்டிங்கோ சுத்தியல் அடித்த தடமோ இருந்தால், அடி பாடியின் எலும்புக்கூடு வரை போயிருக்கிறது. அப்படி வளைந்த வண்டிக்கு எத்தனை முறை வீல் அலைன்மென்ட் செய்தாலும் டயர் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டே இருக்கலாம். அடுத்த மோதலில் பாடி தாங்க வேண்டியபடி தாங்காது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்களே, அது என்ன? ‘இன்ஜின் பிரிக்காத வண்டி’ என்றால் நல்லதா?

பதில்: பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்தால், எரிந்த வாயு இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். லேசான ஆவி இயல்பு. புகை குப்குப்பென்று விடாமல் வந்தால் தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் இந்த வாயுவை வெளியேற்றும் காற்றோட்ட வால்வு அடைத்துக்கொண்டாலும் இப்படி வரும். அது சிறிய வேலை. இரண்டில் எது என்று தெரிய, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் இன்ஜினில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

பிரிக்காத இன்ஜின் என்பதே ஒரு தகுதி ஆகாது. ஆயில் குடித்துக்கொண்டிருக்கும் பிரிக்காத இன்ஜினைவிட, பில்லோடு முறையாக ரீபோர் செய்த (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்த) இன்ஜின் மேல்.

கேள்வி: ‘உள்ளது உள்ளபடி’ விற்பனை என்கிறார்கள். அதற்கு என்ன பொருள்?

பதில்: பொதுவாக, வாங்கிய பிறகு வரும் எந்தக் கோளாறுக்கும் விற்பவர் பொறுப்பில்லை என்று பொருள். அப்படியானால் பணம் கொடுக்கும் முன்பே உங்கள் மெக்கானிக் காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும் காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, கூலன்ட் உள்ளே கசிவதைக் காட்டும்.