உதடு வீங்கினால் எந்தப் பொருளைச் சந்தேகிப்பது?

கேள்வி: அட்டைப் பெட்டியில் "ஒவ்வாமை ஏற்படுத்தாதது" என்று அச்சிட்டிருந்ததை நம்பி ஒரு லிப் பாம் வாங்கினேன். பூசத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் இரண்டு உதடுகளும் வீங்கி, ஓரங்கள் சிவந்து, தோல் உரியத் தொடங்கியது. கடையில் கேட்டபோது, "வேறு யாரும் இப்படிச் சொன்னதில்லை, நீங்கள் சாப்பிட்ட ஏதோ ஒன்றுதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்கள். யார் சொல்வது சரி? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. உதட்டு வீக்கத்தோடு மூச்சுத் திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், குரல் மாற்றம், விழுங்க முடியாமை, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் அது அவசர நிலை. அப்போது கடையையோ பெட்டியையோ நினைக்காமல் உடனே அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

உங்களுக்கும் கடைக்காரருக்கும் இடையிலான வழக்கைப் பெருமளவு தீர்த்துவைப்பது கடிகாரம்தான். நிலக்கடலை, பால், முட்டை, மீன், இறால் போன்ற உணவுகளால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்; உதடு திடீரென உப்பும், உடலில் தடிப்புகள் தோன்றலாம், வீக்கம் வடிந்ததும் உதடு பழையபடி ஆகிவிடும். தொடு ஒவ்வாமை அப்படியன்று. ஒத்துக்கொள்ளாத பொருள் பட்டு ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் அது தலைகாட்டும். அரிப்பு, சிவப்பு, வெடிப்பு, தோல் உரிதல் ஆகியவற்றோடு வந்து, அந்தப் பொருளைப் பயன்படுத்தும் வரை விடாமல் நீடிக்கும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகையை ஒத்திருப்பதால், உணவின் மீது பழி போட்ட கடைக்காரரின் வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை.

ஆனால் குற்றவாளி அந்த லிப் பாம்தான் என்றும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். கடைசியாக வாங்கிய பொருளைச் சந்தேகிப்பது நம் எல்லோருக்கும் இயல்பு. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பொருளுக்கும் ஒரு நாள் ஒவ்வாமை தொடங்கலாம் என்பதை நாம் எளிதில் நம்புவதில்லை. அதே பெயரில், அதே நிறப் பெட்டியில் வரும் பொருளின் கலவையைத் தயாரிப்பாளர் மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே உதட்டில் படும் அனைத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்: பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம், உதட்டுச்சாயம், வெயில் தடுப்புப் பூச்சு, அடிக்கடி வாயருகே கை வைப்பவராக இருந்தால் நகச்சாயம் கூட. குழந்தையின் உதடு வீங்கியிருந்தால், அதை முத்தமிட்டுக் கொஞ்சுபவர் தம் உதட்டில் என்ன பூசியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்பொருள்களில் தொல்லை தருவதாக நன்கு அறியப்பட்டவை வாசனைப் பொருள்கள், இலவங்கப்பட்டை மற்றும் புதினா வகைச் சுவையூட்டிகள், பெரு பால்சம் என்னும் மரப்பிசின், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின், தேனீக்களிடமிருந்து கிடைக்கும் புரோபோலிஸ், உதட்டுச்சாயத்தில் சேரும் விளக்கெண்ணெய், வெயில் தடுப்புக்கான ஆக்ஸிபென்சோன் முதலியன. இப்பட்டியலில் பல இயற்கைப் பொருள்கள் இருப்பதைக் கவனியுங்கள். "முழுவதும் இயற்கையானது" என்ற வாசகம் ஒவ்வாமைக்கு எதிரான உத்தரவாதம் ஆகாது.

நீங்கள் நம்பிய வாசகத்துக்கும் பெரிய பலம் கிடையாது. அமெரிக்காவில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1975இல், ஒப்பீட்டுச் சோதனை நடத்திக் காட்டினால்தான் அழகுப் பொருளின் மீது அந்த வாசகத்தை அச்சிடலாம் என்று விதி வகுத்தது. தயாரிப்பு நிறுவனங்கள் வழக்குத் தொடுக்க, 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. அதன் பிறகு அங்கு அச்சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை. பெட்டியின் முகப்பில் இருப்பது விளம்பரம். பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலே தகவல்.

பணம் திரும்பக் கிடைப்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் கடையின் விதிமுறையையும் பொறுத்தது. எனினும் பொருளில் குறை இருப்பதும், குறையற்ற பொருள் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதும் வெவ்வேறு. காலாவதியானது, கெட்டுப்போனது, பட்டியலில் சொல்லப்படாத சேர்மானம் கலந்தது என்றால் உங்கள் பக்கம் வலுவானது. பட்டியலில் தெளிவாக எழுதப்பட்ட ஒரு சேர்மானம் உங்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைக் குறை என்று நிறுவுவது கடினம். ஆனாலும் பெட்டியில் இருந்த வாக்குறுதியை எடுத்துக்காட்டித் தயாரிப்பாளருக்கு எழுதுவதில் தவறில்லை, நான் எழுதத்தான் சொல்வேன். ரசீது, தொகுதி எண், வீங்கிய உதட்டின் தேதியிட்ட படங்கள், மீதமுள்ள லிப் பாம் ஆகியவற்றோடு வெளி அட்டைப் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். சிறிய குழாய்களில் இடமில்லாததால் சேர்மானப் பட்டியல் பல நேரங்களில் அந்த அட்டையில் மட்டுமே இருக்கும். நாம் முதலில் குப்பையில் போடுவதும் அதைத்தான். தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுச் சோதனையில், சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து ஒரு முறையும் பின்னர் ஓரிரு நாளில் மறுமுறையும் தோலைப் பார்ப்பார்கள். அதன் முடிவு கையில் இருந்தால் கடிதத்துக்கு எடை கூடும்.

கேள்வி: என் தந்தை மூன்று ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு ஒரே மாத்திரையை உட்கொள்கிறார். சென்ற வாரம் தூங்கி எழுந்தபோது மேலுதடு பெரிதாக வீங்கியிருந்தது; அரிப்பு இல்லை, மறுநாள் வடிந்துவிட்டது. மருந்துக் கடையில் ஒவ்வாமை மாத்திரை கொடுத்தார்கள். இம்முறை வாங்கிய அட்டை போலியாக இருக்குமா? வேறு நிறுவனத்தின் மாத்திரைக்கு மாறலாமா?

பதில்: மாத்திரையின் வணிகப் பெயருக்குக் கீழே உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். அது எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் என்று "பிரில்" என முடிந்தால், மாத்திரை முற்றிலும் தரமானதாக இருந்தும் இப்படி வீங்கக்கூடும். உடலில் பிராடிகினின் என்ற பொருள் சிதைவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. அது தேங்குவதால் உதடு, நாக்கு, தொண்டை ஆகியவை வீங்கலாம். மருந்தைத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் இது நேரும் என்பதால்தான் மாத்திரையின் மீது யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் என்ற பொருளால் வரும் வீக்கம் அன்று என்பதால், வழக்கமான ஒவ்வாமை மாத்திரைகளுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படாது.

நிறுவனத்தை மாற்றுவதால் பயனில்லை. உள்ளே இருக்கும் மருந்து அதுவேதான். வீக்கம் வடிந்துவிட்டதே என்றும் விட்டுவிடாதீர்கள், அடுத்த முறை வீக்கம் தொண்டையில் வரலாம். அடுத்த வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே, இன்றே, மருத்துவரிடம் பேசுங்கள்; இம்மருந்துதான் காரணம் என்று அவர் கருதினால் வேறு வகை மருந்துக்கு மாற்றுவார், இந்தக் குடும்பத்து மருந்துகள் உங்கள் தந்தைக்கு இனி ஒருபோதும் ஆகா. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி நிவாரணிகளாலும் சிலருக்கு உதடு வீங்குவது உண்டு; அண்மையில் அவற்றை உட்கொண்டாரா என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: உதட்டைப் பருமனாகக் காட்டும் பளபளப்புப் பூச்சு ஒன்றைப் பூசினால் எரிகிறது. தரக் குறைவா?

பதில்: இல்லை, நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதே அந்த எரிச்சலைத்தான். மிளகாய்ச் சாறு, மெந்தால், இலவங்கப்பட்டை எண்ணெய் போன்றவை உதட்டை உறுத்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால் சிறிது நேரம் உதடு உப்பித் தெரிகிறது. அது சில மணி நேரத்தில் அடங்காமல் கொப்புளமோ வெடிப்போ தோன்றினால் நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: ஒவ்வாமையால் வீங்கிய உதடு ஆறிவிட்டது. இனி எதை நம்பி வாங்குவது?

பதில்: சேர்மானம் குறைவாக உள்ளதை வாங்குங்கள். வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மலிவானது, ஒவ்வாமை தருவது மிக அரிது. "மணமற்றது" என்பதும் "வாசனைப் பொருள் சேர்க்காதது" என்பதும் ஒன்றல்ல. முதலாவதில், பிற மணங்களை மறைப்பதற்கென்றே வாசனைப் பொருள் இருக்கலாம். புதிய பொருள் எதையும் முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறை ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு உதட்டுக்குக் கொண்டுபோகலாம். பூசிய சில நிமிடங்களிலேயே முன்பு வீங்கியவர்கள் இதை வீட்டில் செய்யக் கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கவும் வேண்டாம், மறுபடி வீங்கினால் எது என்று கண்டுபிடிக்க முடியாது.